கடிகாரமும் கயிறும்

இக்கல்லூரியின் வகுப்பறைகளை விட்டு யாம் நீங்கி ஆண்டுகள் முப்பதுக்கு மேலாயின. இவ்வாண்டு மலருக்கு உடல் நலம் பற்றி ஒரு கட்டுரை வரைந்து விடுக்குமாறு ஆசிரியர் எம்மைப் பணித்தபொழுது யாம் சற்றே நகைத்தோம். யாம் மருத்துவரல்லோம், விளையாட்டு வீரருமல்லோம். ஓட்டப் பந்தயத்தில் ஆண்டுதோறும் இறுதியாக வந்து சேர்ந்தவர் யாவர் என அக்காலத் தோழரை வினவின், எம் பெயரையே கூறுவர். எனினும், சென்ற ஈராண்டுகளாக எம் இடக்கை மணிக்கட்டில் ஒரு சிறு கருவி அமர்ந்து, எம் நடையையும் நாடியையும் துயிலையும் கணக்கெடுத்து வருகின்றது. அதனால் யாம் பெற்ற நன்மையும், உற்ற நாணமும் மாணாக்கர்க்கு ஒருவாறு பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

எம் ஊர் காயல்பட்டினம். திருச்செந்தூருக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயல் என்னும் துறைமுகத்தையும், ஆங்கு மேல்நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதையும், இக்கடலில் நிகழ்ந்த முத்துக் குளிப்பையும் எழுதி வைத்தார். அம்முத்துக் குளிப்பு தூத்துக்குடியில் கடைசியாக 1961-ஆம் ஆண்டில் நிகழ்ந்து, அதன் பின் நின்று போயிற்று. எம் பாட்டனார் அத்தொழிலைக் கண்ணாரக் கண்டவர். குளிப்பவர் ஒரு கல்லின்மேற் காலூன்றி, மூச்சடக்கி, பல பாகம் ஆழத்திலுள்ள பாருக்கு இறங்குவர். ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் அடியிலிருந்து சிப்பியைத் திரட்டுவர். பின்பு கயிற்றை அசைப்பர். தோணியிலிருப்பவர் உடனே இழுத்தெடுப்பர். கயிறு பிடிப்பவன் மைத்துனனாயிருத்தல் நன்று என்பது எம் பக்கத்தில் வழங்கும் பேச்சு. தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாதலை அவன் ஒருநாளும் பொறான் என்பது கருத்து. “தோணியிலே மணி பார்ப்பவன் தேவையில்லை, கயிற்றிலே மனம் வைப்பவன்தான் தேவை” என்று எம் பாட்டனார் கூறுவார். சிறு வயதிற் கேட்ட இச்சொல்லை யாம் நெடுங்காலம் மறந்திருந்தோம். அதனை மீண்டும் நினைக்க நேர்ந்த வரலாறே இக்கட்டுரை.

ஈராண்டுக்கு முன், ஹாங்காங்கில் இரத்தின வாணிகம் செய்யும் எம் இளவல் ஊருக்கு வந்தபொழுது இரண்டு கைக்கடிகாரங்களைக் கொணர்ந்தான். ஒன்று எமக்கு, மற்றொன்று எம் தாயாருக்கு. ‘ஸ்மார்ட் வாட்ச்’ என்று உலகம் வழங்கும் இக்கருவி மணி காட்டுவதோடு அமையாது, அணிந்தவரின் உடல்நிலையையும் காட்ட முயல்வது. அதன் அடிப்புறத்தே பச்சை ஒளி மின்னுகின்றது. குருதி பச்சை ஒளியை மிகுதியாக உட்கொள்ளும் இயல்புடையது. இதயம் துடிக்குந்தோறும் மணிக்கட்டின் நுண்ணிய குழாய்களிற் குருதி பெருகுதலால், திரும்பி வரும் ஒளி சிறிது குறைகின்றது. அக்குறைவுகளை எண்ணியே கருவி நாடித் துடிப்பைக் கூறுகின்றது. அடிகளை எண்ணுவதற்கோ, கையின் அசைவை உணரும் ஒரு சிறு பொறி அதனுள் உண்டு. உடல் அசையாதிருத்தலையும் நாடி தணிதலையும் கொண்டு அது துயிலை ஊகித்துக் கொள்ளுகின்றது.

மணிக்கட்டைக் கொண்டு உடலை அறிதல் நமக்குப் புதியதன்று. நம் சித்த மருத்துவர் மூன்று விரல்களை அவ்விடத்தில் வைத்து, வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் நிலையை உணர்வர். மேனாட்டில், லிச்பீல்டு நகரத்து மருத்துவராகிய சர் ஜான் ப்ளோயர் என்பார், நாடியை ஒரு நிமிட அளவில் எண்ணுவதற்கென்றே கடிகாரம் ஒன்று செய்வித்து, 1707-ஆம் ஆண்டில் அது பற்றி நூலும் வெளியிட்டார். ஆயின், அக்காலத்துக் கடிகாரம் மருத்துவர் கையிலிருந்தது. இக்காலத்துக் கடிகாரமோ நோயாளியின் கையிலேயே, நோயில்லாதவன் கையிலுங்கூட, இரவும் பகலும் இருக்கின்றது. வேறுபாடு இங்கேதான் உள்ளது.

தொடக்கத்தில் யாம் பெற்றது நன்மையே என்பதை மறைத்தல் நன்றன்று. ஐம்பதைக் கடந்த எம் உடல் நாற்காலியோடு நட்புப் பூண்டு, குருதியிற் சர்க்கரையையும் சேர்த்து வைத்திருந்தது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று கருவி வரை விதித்தது. மாலைதோறும் கடற்கரைக்கு நடந்தோம். ஒரு திங்களில் எம் இடுப்பு வார் ஒரு துளை உள்ளே சென்றது. இத்தகைய கருவிகளைப் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து அறிஞர், அவற்றை அணிவோர் நாளொன்றுக்குச் சராசரி 1,800 அடிகள் மிகுதியாக நடக்கின்றனர் என்று 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எம் அனுபவமும் அதனோடு ஒத்ததே.

இரண்டாந் திங்களிலோ, யாம் கடிகாரத்தை அணிந்து நடந்த நிலை மாறி, கடிகாரம் எம்மை நடத்துவதாயிற்று. இரவு பதினொரு மணிக்கு 9,400 என்று காட்டினால் எமக்கு உறக்கம் வாராது. முற்றத்துக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தோம். “எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறீர்கள்?” என்று எம் மனைவியார் விளக்கை ஏந்தி வந்து வினவிய இரவும் உண்டு. கடற்கரை மணலில் வட்டமாக அமர்ந்து, வறுத்த கடலையும் ஊர்ச் செய்தியுமாகப் பொழுது போக்கும் பழைய தோழரைக் கண்டால், கையை உயர்த்திக் காட்டிவிட்டு விரைந்து செல்லலானோம்; அமர்ந்தால் கணக்குக் குறையுமன்றோ?

இன்னுமொன்று. எம்மூர் வழக்கப்படி மணமான ஆடவர் மனைவியின் இல்லத்தில் வாழ்வர். பெண்மக்கள் தாய் வீட்டை விட்டு நீங்கார். ஆதலின் உம்மா எம் தமக்கையாரோடு, யாம் பிறந்த வீட்டிலேயே வாழ்கின்றார். எம் இல்லத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் வழி அவ்வீட்டு வாயிலைக் கடந்தே செல்கின்றது. முன்னாளில் அவ்வாயிலிற் செருப்பைக் கழற்றி, உள்ளே சென்று, கால் மணி நேரம் அமர்ந்து, தேநீர் அருந்திச் செல்வது எம் வழக்கம். கருவியோ, நடை இடையறாது விரைந்து நிகழ்ந்தாலன்றி அதனைப் ‘பயிற்சி’ என்று ஒப்புக்கொள்ளாது. ஆகவே, ‘திரும்பி வரும்போது பார்ப்போம்’ என்று கடந்து செல்லத் தொடங்கினோம். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வீடு நோக்கியே நடந்து விடுவோம். இதனை ஒரு பிழையென்று அக்காலத்தில் யாம் எண்ணவில்லை.

எம்மை இவ்வாறு ஆட்டிவைத்த பத்தாயிரம் என்னும் எண் எவ்வாறு பிறந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். தோக்கியோ நகரில் 1964-இல் ஒலிம்பிக் பந்தயம் நிகழ்ந்தது. மறு ஆண்டில் ஜப்பானிய நிறுவனமொன்று, இடுப்பில் அணிந்து அடியெண்ணும் கருவியொன்றை ‘மன்போ-கே’ என்னும் பெயரால் விற்கத் தொடங்கிற்று. ‘பத்தாயிர அடி அளவி’ என்பதே அப்பெயரின் பொருள். வாணிகப் பெயராகப் பிறந்த எண் காலப்போக்கில் மருத்துவ விதிபோல் உலகெங்கும் பரவிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஐ-மின் லீ என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும், சராசரி வயது 72 உடைய 16,741 பெண்டிரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு இதனினும் இரக்கமுடையது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தாரினும் 4,400 அடி நடந்தாரிடையே இறப்பு குறைந்து காணப்பட்டது. அக்குறைவு ஏறத்தாழ 7,500 அடி வரையிற் சென்று, அதற்குமேல் மாறாது நின்றது. கிணற்றைச் சுற்றிய எம் இரவுகளை எண்ணி யாமே நகைத்துக் கொண்டோம்.

துயிலின் கதையோ இன்னும் வேடிக்கையானது. காலையிற் கண் விழித்தவுடன், ‘நன்கு உறங்கினோமா?’ என்று உடலைக் கேளாது கடிகாரத்தைக் கேட்கும் வழக்கம் எம்மைப் பற்றிக்கொண்டது. ஒருநாள் புத்துணர்ச்சியோடு எழுந்தோம். கருவி நூற்றுக்கு 58 மதிப்பெண் அளித்தது. அதனைக் கண்டபின் அன்று முழுதும் சோர்ந்திருந்தோம். நோன்பு மாதத்தில், சஹர் உணவுக்காக வைகறைக்கு முன்னெழும் எம்மைப் போன்றோரை அது நாள்தோறும் கடிந்துகொண்டது. தலைமுறை தலைமுறையாக அம்மாதத்தை மகிழ்வோடு கழித்த குடியிற் பிறந்த யாம், முதன்முறையாக, ‘உறக்கம் கெடுகின்றதே’ என்று அஞ்சியவாறே கஞ்சி அருந்தினோம். படுத்தபடி அசையாது விழித்திருப்பதையும் உறக்கமென்று கொள்ளக்கூடிய கருவி அது என்பதை அப்போது யாம் அறியோம். கருவி கூறும் எண்ணை நிறைவாக்கும் கவலையினாலேயே உறக்கம் இழந்து வந்தவர் சிலரைக் கண்ட அமெரிக்க அறிஞர், 2017-ஆம் ஆண்டில் அந்நிலைக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரும் இட்டனர்.

அளத்தலினால் இன்பம் குறையுமோ என்பதையும் ஆராய்ந்தோர் உளர். ட்யூக் பல்கலைக்கழகத்து ஜோர்டன் எட்கின் என்னும் அம்மையார் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தம் நடையை அளந்தவர் அளவாதவரினும் மிகுதியாக நடந்தனர். ஆனால் அந்நடையில் அவர் கண்ட இன்பம் குறைந்தது. விளையாட்டு வேலையாகி விட்டது போலும். அவ்வாண்டிலேயே பிட்ஸ்பர்க் நகரத்து ஆராய்ச்சியொன்றும் வெளியாயிற்று. உடல் எடை மிகுந்த இளைஞர் 471 பேரை ஈராண்டு தொடர்ந்து நோக்கியதில், மேற்கையிற் கருவி அணிந்தோர் சராசரி 3.5 கிலோவும், அணியாது தாமே குறிப்பெழுதி வந்தோர் 5.9 கிலோவும் எடை குறைந்தனர். கருவியே மெலிவிக்கும் என்று நம்பியோர்க்கு இது வியப்பளித்தது.

இவ்வளவு கூறியதால், கருவியைக் கடலில் எறிக என்பது எம் கருத்தென்று எவரும் கொள்ளற்க. சென்ற ஆண்டு ஒருநாள் முற்பகலில், உம்மாவின் கடிகாரம் அவர் நாடியின் தாளம் ஒழுங்கற்றிருக்கின்றது என்று அறிவித்தது. உம்மாவுக்கோ ஒரு துன்பமும் தோன்றவில்லை; அடுக்களையில் மீன் கழுவிக் கொண்டிருந்தார். செய்தி எம் இளவலின் கைபேசிக்கும் செல்லுமாறு அமைத்திருந்தமையால், “காக்கா, உடனே உம்மாவைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்று அவன் ஹாங்காங்கிலிருந்து பதறினான். அழைத்துச் சென்றோம். மருத்துவர் கடிகாரத்தை நோக்கும் முன் உம்மாவின் மணிக்கட்டைப் பற்றி நாடியைப் பார்த்தார், பின்பு இ.சி.ஜி. எடுப்பித்தார். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காது நடுங்கும் ‘ஏட்ரியல் பிப்ரிலேசன்’ என்னும் நோய் என்று தெளிந்தது. அதனால் குருதி உறைந்து, அவ்வுறைவு மூளைக்குச் செல்லின் பக்கவாதம் நேரலாம் என்று விளக்கி, உறைதலைத் தடுக்கும் மருந்தளித்தார். “கடிகாரம் கதவைத் தட்டிற்று. திறந்து பார்ப்பது நம் வேலை” என்றார் அம்மருத்துவர்.

அவர் கூற்று உண்மையே. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் கடிகாரம் அணிந்த 419,297 பேரைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தகைய அறிவிப்புப் பெற்றோர் நூற்றுக்கு 0.52 பேரே. அறிவிப்புப் பெற்றபின் மார்பில் ஒட்டும் கருவியை அணிந்து திருப்பி அனுப்பியோரில் நூற்றுக்கு 34 பேரிடம் அந்நோய் அப்போது காணப்பட்டது. அந்நோய் விட்டுவிட்டு வருவதுமுண்டாதலின், எஞ்சியோர்க்கு நோயே இல்லையென்று துணிதற்கில்லை. அறிவிப்பு ஒன்றே நோய்க்குச் சான்றாகாது. அது வாராமை நலத்திற்குச் சான்றாதலும் இல்லை. எம் தாயாருக்கு அது நற்காலத்தில் வந்தது. அதன்பொருட்டு அக்கருவிக்கு யாம் கடமைப்பட்டுள்ளோம்.

நிற்க. அதன் பின்னர் நிகழ்ந்ததே யாம் சொல்ல வந்தது. எம் இளவல் பல்லாண்டாக, நாள்தோறும் மக்ரிப் தொழுகைக்குப் பின் உம்மாவோடு தொலைபேசியில் உரையாடுவான். என்ன மீன் வாங்கினீர்கள், முழங்கால் வலி எவ்வாறுள்ளது, அடுத்த வீட்டுக் குழந்தை பேசத் தொடங்கிற்றா என்று கால் மணி நேரம் செல்லும். மருத்துவமனை சென்று வந்தபின், உம்மாவின் நாடி, அடி, துயில் யாவும் அவன் கைபேசியில் எண்களாகத் தோன்றின. அவன் நாளுக்குப் பன்முறை அவற்றை நோக்கினான். எண்கள் நன்றாயிருந்தன. ஆகவே அழைப்பு இரு நாளைக்கு ஒன்றாயிற்று. பின்பு வாரத்திற்கு ஒன்றாயிற்று. அவனைக் கல்நெஞ்சன் என்று எவரும் கருதற்க. உம்மாவை முன்னினும் மிகுதியாகக் கவனிப்பதாகவே அவன் மெய்யாக நம்பினான். நோன்பு மாதத்தில், “உம்மா இந்த மாதம் நன்றாக நடக்கிறார்கள், காக்கா” என்று எமக்கு மகிழ்ந்து எழுதினான். உம்மா நடக்கவில்லை; பெரிய சட்டியில் நோன்புக் கஞ்சியைக் கிண்டிக் கொண்டிருந்தார். அகப்பை சுழன்ற சுழற்சியைக் கருவி அடியென்று எண்ணிற்று.

பெருநாள் கழிந்து சில வாரங்களானபின், ஒருநாள் நண்பகலில் இளவல் எம்மை அழைத்தான். காலையிலிருந்து உம்மாவின் நாடி பதிவாகவில்லை, தமக்கையார் கைபேசியை எடுக்கவில்லை என்று குரல் நடுங்கக் கூறினான். யாம் ஓடினோம். அன்று நடந்த அடிகளை யாம் எண்ணவில்லை. வீட்டினுள் உம்மா முற்றத்தருகே அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். கடிகாரம் சுவரிலுள்ள ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தது.

“ஏன் உம்மா கழற்றினீர்கள்? தம்பி ஆங்கே துடிக்கின்றானே!” என்றோம்.

“துடிக்கட்டும். கழற்றினால் கூப்பிடுவான் என்று தெரியும்; கழற்றினேன். அவன் இப்பொழுது என்னை விசாரிப்பதில்லை வாப்பா, என் கடிகாரத்தை விசாரிக்கிறான்” என்றார்.

யாம் உடனே இளவல்மீது குறை கூறத் தொடங்கினோம். தூர நாட்டிலிருப்போர் எண்களை நம்பி மனிதரை மறந்து விடுகின்றனர் என்று ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினோம். உம்மா கீரையிலிருந்து கண்ணெடுக்காது கேட்டிருந்தார். முடிந்தபின், “அவன் கடல் கடந்து இருக்கிறான். நீ அசருக்குப் பின் நாள்தோறும் இந்த வாசலைத் தாண்டித்தான் போகிறாய். உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?” என்று மெல்லக் கேட்டார்.

எமக்கு விடை கூற நா எழவில்லை. ஓராண்டுக்கு மேலாக அவ்வாயிலை யாம் எத்தனை முறை கடந்தோம் என்பதை எம் கடிகாரம் கூறவல்லது. ஒருமுறையேனும் நிற்காததை அது ஒரு குறையாகக் காட்டவில்லை. மாறாக, வேகம் குறையாமைக்கு எம்மைப் பாராட்டியுமுள்ளது. உள்ளே ஒரு முதிய தாய், நெருங்கி வந்து அகன்று செல்லும் காலடி ஓசையை நாள்தோறும் கேட்டிருந்தார். அன்றுதான் எம் பாட்டனாரின் சொல் நினைவுக்கு வந்தது. யாமிருவரும் தோணியில் மணி பார்த்திருந்தோம். கயிற்றில் மனம் வைத்தோமல்லோம்.

அன்று மாலை இளவல் உம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினான். அழுதான் என்று தமக்கையார் கூறினார். இப்பொழுது மக்ரிபுக்குப் பின் அழைப்பு முன்போலவே வருகின்றது. உம்மாவும் கடிகாரத்தை மீண்டும் அணிந்துள்ளார். இதயத்தின் பொருட்டு அது வேண்டுமென்பதை அவரே ஒப்புக்கொள்கின்றார். எமக்கோ, நாளொன்றுக்கு ஏழாயிரம் அடிக்கு மேல் பெரும்பாலும் சேர்வதில்லை. வழியில் ஓர் வாயிலில் செருப்பைக் கழற்றுகின்றோம், மணலில் தோழரோடும் அமர்கின்றோம். துயிலின் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டாமென்று கருவிக்குக் கட்டளையிட்டு விட்டோம். சர்க்கரையின் அளவை மூன்று திங்களுக்கொருமுறை மருத்துவரிடம் காட்டி வருகின்றோம்.

இளைய மாணாக்கரே, உங்களுட் பலர் கைகளிலும் இக்கருவியை யாம் சென்ற முறை கல்லூரிக்கு வந்தபோது கண்டோம். அணிந்து கொள்ளுங்கள், தடையில்லை. நாற்காலியிலிருந்து உங்களை எழுப்புமாயின் அது நற்றோழனே. நெஞ்சின் தாளம் பிறழ்ந்தது என்று அறிவிக்குமாயின் மருத்துவரிடம் செல்லத் தாழ்க்க வேண்டாம். ஆனால் பசியையும் களைப்பையும் மகிழ்ச்சியையும் நீங்களே உணரும் ஆற்றலை அதனிடம் அடகு வைத்துவிடாதீர்கள். பெற்றோர்க்கு அதனை வாங்கி அளிப்பீராயின், அளித்த நாளிலிருந்து முன்னினும் ஒருமுறை மிகுதியாக அவர்களோடு பேசுங்கள். விடுதியில் அடுத்த அறைத் தோழன் இரண்டு வேளை உணவுக்கு வாராதிருந்தால், அவன் கையிலுள்ள கடிகாரம் அவனைப் பார்த்துக்கொள்ளும் என்றிராது, எழுந்து சென்று அவன் கதவைத் தட்டுங்கள்.